வேலையும் சேவையும் சபையறியச் சொல்லப்பட வேண்டும்

பேரூராட்சித் தலைவரின் அரையாண்டு அறிக்கை குறித்து எமது சங்கத்தின் நிலைப்பாடு

பேரூராட்சி மன்றத்தின் தலைமைப் பதவியில் அமர்ந்திருப்பவர், குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை முதலிய ஸ்தலச் சேவைகள் எவ்வாறு நடந்தன என்பதையும், ஊரில் உழைத்துப் பிழைப்போருக்கு வேலை பெருகிற்றா குறைந்ததா என்பதையும், அரையாண்டுக்கு ஒருமுறை தமக்கு வாக்களித்த ஜனங்களின் முன்னிலையில் எடுத்துச் சொல்லி, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அங்கேயே விடையளித்தல், அவருடைய பெருந்தன்மையைப் பொறுத்த காரியமா, அல்லது பதவியோடு உடன்வந்த கடமையா என்ற விஷயம் பெரியநாயக்கன்பாளையத்தில் வாழும் எங்கள் சங்கத்தாரிடையே நெடிது விவாதிக்கப்பட்டது. கடமையே என்பது எங்கள் தீர்மானம். நல்ல தலைவர் ஒருவர் தாமாகவே முன்வந்து அறிக்கை அளிப்பாராயின் அதனை மகிழ்ந்து வரவேற்போம். ஆயினும் தனிமனிதரின் நற்குணத்தின்மேல் மட்டும் ஊர்ப் பரிபாலனம் நிற்றலாகாது என்பதால், இது விதியாக வேண்டும் என்று கோருகிறோம்.

எங்கள் ஊரின் எல்லையைத் தாண்டி நாயக்கன்பாளையத்திலோ பிளிச்சியிலோ கால் வைத்தால், அங்குள்ள குடியானவர் ஒருவருக்கு நெடுங்காலமாக இருந்துவரும் உரிமை, பேரூராட்சியில் வசிக்கும் எங்களுக்கு இருந்ததில்லை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி கூடும் கிராம சபையில், குடியரசு தினத்தன்றும், மே முதல் நாளிலும், சுதந்திர தினத்தன்றும், காந்தி ஜயந்தியன்றும், 2022 முதல் உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22இலும் உள்ளாட்சிகள் தினமாகிய நவம்பர் 1இலும், பள்ளிக்கூடத்து மரத்தடியில் எழுந்து நின்று, இந்தப் பணத்தை எதற்குச் செலவு செய்தீர்கள் என்று அவர் கேட்கலாம். நகரத்தவர்க்கு அத்தகைய சபை வேண்டுமென்ற எண்ணம் மிகவும் பிந்தியே தோன்றிற்று. வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022இல் தாம் வகுக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் மாநிலத்து நகரங்களில் அச்சபைகள் கூட்டப்பட்டன. அதற்கு முன்னரோ, 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரையில், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் தமிழ்நாட்டு நகர உள்ளாட்சிகள் அதிகாரிகளின் கையில் இருந்தன. ஐந்தாண்டுக்கு மேல் கேட்க ஆளில்லாமலும் சொல்ல ஆளில்லாமலும் கழிந்த காலம், கேட்கும் வழக்கத்தையே ஜனங்களிடமிருந்து பறித்துவிட்டது என்பது எங்கள் அபிப்பிராயம்.

இவ்வழக்கமோ நமக்குப் புதிதன்று. ஸ்தல சுயாட்சியை 1882இல் ரிப்பன் பிரபு நமக்கு அருளினார் என்று பள்ளிப் பாடத்தில் படித்தோம். ஆனால் அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, முதற் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபையார் கல்லில் வெட்டிவைத்த நிபந்தனைகளுள் ஒன்று, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் இடத் தகுதியற்றவர் என்பதாகும். கணக்கைச் சரிவரக் காட்டாமை ஒரு குடும்பத்தையே பொதுவாழ்வினின்று விலக்கிவைக்கப் போதிய குற்றமாக அக்காலத்தார்க்குத் தோன்றியது. நாங்கள் கேட்பது அத்துணைக் கடுமையானதும் அன்று.

சேவைகளைப் பற்றிச் சொல்வது சரி, வேலைவாய்ப்புக்கும் பேரூராட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களுள்ளேயே சிலர் வினவினர். இவ்வினாவைச் சற்று விரிவாகவே பரிசீலிக்க விரும்புகிறோம். மேட்டுப்பாளையம் சாலையின் இருமருங்கிலும் வளர்ந்த எங்கள் ஊர் தொழிலால் வாழும் ஊர். 1962இல் தோன்றிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நூற்பு இயந்திரங்களை இங்கே செய்யத் தொடங்கிய பின்னர், அதனைச் சூழ லேத்துப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் ஜாப் ஆர்டரை நம்பிய குறுந்தொழில்களும் பெருகின. அவினாசிலிங்கம் செட்டியார் 1930இல் நிறுவிய ராமகிருஷ்ண வித்யாலயமோ, படிப்பையும் கைத்தொழிலையும் பிரித்துப் பாராத கல்வியை இந்த மண்ணில் ஊன்றியது. இங்கே வேலை செய்து சம்பளம் பெறுவோரிடம், அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைக் கடந்துவிட்டால், அரையாண்டுக்கு ஒருமுறை தொழில்வரி பெறுவது உள்ளாட்சி மன்றமே. எந்த நிறுவனத்தில் எத்தனை பேர், எந்த வருமானத்தில் உழைக்கின்றனர் என்னும் விவரம் அதன் பதிவேட்டிலேயே எழுதப்பட்டுக் கிடக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பதிவேட்டையும் அக்டோபர் முதல் மார்ச் வரையிலானதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்தப் பட்டறை ஆள் குறைத்தது, எது ஆள் சேர்த்தது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். ஆளின் பெயரையோ நிறுவனத்தின் அந்தரங்கத்தையோ வெளியிடச் சொல்லவில்லை. மொத்தத் தொகையைச் சொன்னால் போதும். உழைப்பவனிடம் வரி வாங்க அவனைத் தெரியும், அவனுக்கு வேலை உண்டா இல்லையா என்பது மட்டும் தெரியாது என்பது நியாயமாகாது.

அப்பதிவேட்டில் ஏறாதவர்களும் உண்டு. கான்டிராக்டர் வழியாக வந்து, லைன் வீடுகளில் நெருங்கித் தங்கி, வேலை உள்ள நாளில் உண்டு வேலையற்ற நாளில் கடன்படும் உள்ளூர், வெளிமாநிலத் தொழிலாளரைப் பற்றி எந்தக் கணக்கும் முழுமையாக இல்லை. அவர்கள் ஜீவனத்தை அறிய வார்டு உறுப்பினர்கள் வீடு வீடாகச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை.

மேலும் சேவை வேறு, வேலை வேறு என்று பிரிப்பதே பிழை. ஆற்றுத் தண்ணீர் விடும் நேரம் முன்கூட்டித் தெரியாத தெருவில், முதல் ஷிப்டுக்குப் புறப்பட வேண்டிய ஒரு பெண், உப்புத் தண்ணீரை வைத்துப் பாத்திரம் துலக்கிவிட்டு, குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய நல்ல தண்ணீருக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் குழாயடியிலேயே நிற்கிறாள். நின்றால் ஷிப்டு போயிற்று, போனால் தண்ணீர் போயிற்று. இரண்டாம் ஷிப்டு முடிந்து இரவில் பஸ்ஸை விட்டிறங்கி வருபவளுக்கு, பிரதான சாலையிலிருந்து வீட்டு வாசல் வரையில் விளக்கு எரிகிறதா என்பது, அந்த வேலையில் அவள் நீடிப்பாளா என்பதையே நிர்ணயிக்கிறது. ஆதலின் எத்தனை விளக்குகள் போட்டோம் என்ற எண்ணிக்கையைவிட, பழுதான விளக்கு எத்தனை நாளில் சரிசெய்யப்பட்டது என்பதே எங்களுக்கு வேண்டிய தகவல்.

பேரூராட்சியே ஒரு முதலாளி என்பதையும் மறக்கலாகாது. அதிகாலையில் எழுந்து ஊரைச் சுத்தம் செய்யும் தூய்மைப் பணியாளருள் நிரந்தரமானவர் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் உள்ளவர் எத்தனை பேர், மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலி முழுதும் அவர்கள் கைக்கு வருகிறதா, பிடித்த வருங்கால வைப்புநிதி அவர்கள் கணக்கில் கட்டப்பட்டதா என்பவையே தலைவரின் அறிக்கையில் முதற்கண் இடம்பெற வேண்டியவை என்று கருதுகிறோம். பிறர் தரும் வேலையைப் பற்றிப் பேசும் தகுதி, தாம் தரும் வேலையைச் செம்மையாக வைத்திருப்பவர்க்கே உண்டு.

நூறு நாள் வேலையைப் பற்றியும் எங்கள் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டின் 561 பேரூராட்சிகள் 2004இல் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டன. 2006இல் மறுபடியும் பேரூராட்சிகளாயின. இடையே 2005இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டமோ கிராமத்தவர்க்கு மட்டுமே உரியதாயிற்று. 2008இல் கோயம்புத்தூர் மாவட்டத்துக்கு அது வந்தபோது பேரூராட்சி ஏழைகள் புறத்தே நின்றனர். பெயர்ப்பலகை மாறியதால் வயிற்றின் தேவை மாறிவிடவில்லை. கேரளம் 2010இலேயே அய்யங்காளியின் பெயரால் நகர்ப்புற வேலை உறுதித் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு 2022இல், தேர்ந்தெடுத்த சில நகரங்களிலும் பேரூராட்சிகளிலும் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. அது எல்லாப் பேரூராட்சிகளிலும் நிலையான உரிமையாக வேண்டும் என்று எங்கள் மன்றம் தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்ப வேண்டும். செய்வதற்கு வேலையா இல்லை? குருடிமலைச் சரிவில் பிறந்து இடிகரை வழியாக நொய்யலை நோக்கிச் செல்லும் கௌசிகா நதியின் தடத்தில் புதரும் குப்பையும் அகற்றும் வேலை ஒன்றே எத்தனையோ கைகளுக்குப் போதும்.

பொதுச்சபையில் கூச்சல்தான் மிஞ்சும், கட்சிச் சண்டை மூளும் என்ற ஆட்சேபம் உண்டு. முதல் இரண்டொரு கூட்டங்களில் அவ்வாறு நேரவும் கூடும். ஆனால் எழுத்தில் அச்சிட்ட அறிக்கை ஒரு வாரம் முன்னதாக வார்டுதோறும் ஒட்டப்பட்டு, கேள்விகள் அதன்மீதே கேட்கப்படுமானால், கூச்சல் தானே குறையும். தம் அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட காரியங்களும் உண்டென்று தலைவர்கள் கூறுவதும் மெய்யே; நெடுஞ்சாலை வேறு துறையினுடையது, மின்சாரம் வேறொன்றினுடையது. அவ்வாறாயின், எந்தத் துறைக்கு எப்போது கடிதம் எழுதினோம், என்ன பதில் வந்தது என்று சொன்னால், குறை எங்கிருக்கிறது என்பதை ஜனங்கள் தாமே அறிந்துகொள்வர்.

செப்டம்பரில் முடிவுறும் அரையாண்டுக்கான அறிக்கை அக்டோபரிலும், மார்ச்சில் முடிவுறுவது ஏப்ரலிலும் பகுதி சபையில் வாசிக்கப்பட வேண்டும் என்னும் கோரிக்கையை மனுவாக எழுதி, தலைவரிடமும் செயல் அலுவலரிடமும் அளிக்க முடிவு செய்திருக்கிறோம். எக்கட்சியைச் சார்ந்தவராயினும், சொந்த வீட்டுக்காரராயினும் வாடகைக்கு இருப்பவராயினும், இவ்வூரில் உழைத்து வாழும் ஒவ்வொருவரும் அம்மனுவில் கையொப்பமிட வேண்டுகிறோம். சபை கூடும் நாளில் ஒரு மணி நேரத்தை அதற்கென ஒதுக்கி நேரில் வரவும் வேண்டுகிறோம்.