சொந்த மாநிலம்தான் சொர்க்கமா?



ஆசிரியர் கல்விக் கழகத்தில் படிப்பை முடித்துவிட்டுப் பணியமர்வுக் கடிதத்திற்காகக் காத்திருக்கும் இளைஞர்களிடம், "எங்கே பணியாற்ற விருப்பம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாரும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள்: சொந்த மாநிலம். எத்தகைய பள்ளி, எத்தனை மாணவர்கள், தலைமையாசிரியர் எப்படிப்பட்டவர் என்பன பற்றியெல்லாம் அவர்களுக்கு அக்கறை இல்லை. மாநிலத்தின் பெயர் சரியாக இருந்தால் போதும். வேறு மாநிலம் கிடைத்துவிட்டாலோ அந்த வீடு இழவு வீடாகிவிடுகிறது. தாயார் அழுகிறார். தந்தையார் ஆதரவுக் கடிதம் வேண்டிக் கட்சிக் கிளைத் தலைவரின் வாசலில் போய் நிற்கிறார். புதிய ஆசிரியரோ, வகுப்பு மாணவர்களின் பெயர்களை மனத்தில் பதித்துக்கொள்வதற்கு முன்பே மாற்றல் விண்ணப்பம் எந்த மாதத்தில் திறக்கும் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்.

நான் சிலாங்கூர்க்காரன்; ஜெஞ்சாரோமில் குடியிருக்கிறேன். வடக்கே கெடாவில் ஏழாண்டுகள் பணியாற்றிய பிறகு, தந்தையார் நோயுற்றதால் இங்கு வந்தேன். ஆகவே, இரண்டையும் அறிந்தவன் என்ற உரிமையோடு எழுதுகிறேன். இதைப் படித்துச் சிலருக்குச் சினம் வரலாம். வரட்டும்.

முதலில் இந்தத் தூரக் கணக்கைப் பார்ப்போம். சபாவிலும் சரவாக்கிலும் தமிழ்ப்பள்ளிகள் இல்லை. திரங்கானுவிலும் இல்லை. கிளந்தானில் ஒன்றே ஒன்று, பாசிர் காஜா தோட்டத்தில் இருக்கிறது. பெர்லிசிலும் ஒன்றுதான். எனவே, தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு வெளிமாநிலம் என்பது பெரும்பாலும் பேராக், கெடா, பினாங்கு, நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜொகூர், பகாங் ஆகியவற்றுள் ஒன்றாகத்தான் இருக்கும். விடியற்காலையில் மகிழுந்தை எடுத்தால் மதியச் சோற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். நம் மலாய் நண்பர்கள் தென் சீனக் கடலைக் கடந்து, விமானத்தை விட்டு இறங்கியதும் படகேறிச் சரவாக்கின் உட்புறப் பள்ளிகளுக்குச் செல்கிறார்கள். நாமோ தஞ்சோங் மாலிமைத் தாண்டிவிட்டாலே நாடு கடத்தப்பட்டவர்களைப் போலக் கலங்குகிறோம். ராஜுலா கப்பலில் வங்கக் கடலைக் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்! பள்ளி மேடைகளில் கணியன் பூங்குன்றனாரை முழங்குவதில் மட்டும் நமக்கு ஒரு குறையும் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மாநில எல்லை என்பது வரைபடத்தில் உள்ள கோடு. அது தூரத்தை அளக்கும் கோல் அன்று. ஜெஞ்சாரோமில் பிறந்தவருக்குச் "சொந்த மாநிலம்" என்று சபாக் பெர்ணமும் கிடைக்கலாம், உலு சிலாங்கூரும் கிடைக்கலாம். இரண்டும் நூறு கிலோமீட்டருக்கு மேல். வெளிமாநிலமாகிய நெகிரி செம்பிலானின் போர்ட்டிக்சன் அவற்றைவிட எவ்வளவோ அருகில் உள்ளது. ஆயினும் உலு சிலாங்கூர் கிடைத்தால் அணிச்சல் வெட்டுகிறார்கள். போர்ட்டிக்சன் கிடைத்தால் மேல்முறையீடு செய்கிறார்கள்.

பணக் கணக்கை நீட்டி எழுத வேண்டியதில்லை. அடிப்படைச் சம்பளம் கெடாவிலும் கிள்ளானிலும் ஒன்றே. வீட்டு விலை ஒன்றா? சாலைக் கட்டணம், குழந்தைக் காப்பகக் கட்டணம், காலை நெரிசலில் எரியும் எண்ணெய் ஆகியவை ஒன்றா? கிள்ளான் பள்ளத்தாக்கில் பகலில் ஆசிரியராகவும் மாலையில் டியூஷன் ஆசிரியராகவும் வார இறுதியில் காப்புறுதி முகவராகவும் ஓடுகிற எத்தனை பேரை நாம் பார்க்கிறோம்! கிராமத்துப் பள்ளியில் பணியாற்றும் அவர்களுடைய சக மாணவர்கள் மாலை ஐந்து மணிக்குப் பூப்பந்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

சொந்த மாநிலத்தின் பெருங்குறை இவற்றில் எதுவுமில்லை. உள்ளூர் ஆசிரியர் முழு ஆசிரியராக இருக்க முடிவதில்லை என்பதே பெருங்குறை. அவர் முதலில் இன்னாருடைய மகன், இன்னாருடைய மருமகன், அதன்பிறகுதான் ஆசிரியர். கோயில் திருவிழாவின் நன்கொடைப் புத்தகம் அவர் கைக்குத்தான் வரும். திருமண விருந்துக்கு அறிவிப்பாளர் அவரே. அரசாங்க உதவித்தொகைப் பாரத்தை நிரப்புவதற்கும், பக்கத்து வீட்டுப் பையனின் வங்கிக் கடனுக்கு உத்தரவாதக் கையொப்பம் இடுவதற்கும் அவரையே தேடி வருவார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்கள் அல்லவா என்று கேட்கலாம். நல்ல காரியங்கள்தாம். ஆனால், நாளைக்குரிய பாடத்திற்குத் தயாராக வேண்டிய இரவு எங்கே போயிற்று?

வகுப்புக்குள்ளும் இதே கதைதான். வீட்டுப்பாடம் செய்யாத மாணவனின் தந்தை இவரோடு ஆறாம் ஆண்டுவரை ஒரே வாங்கில் உட்கார்ந்தவராக இருப்பார். "உன் பையன் இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுகிறான், குறைநீக்கல் வகுப்பில் சேர்க்க வேண்டும்" என்று அவரிடம் சொன்னால், அது ஓர் ஆசிரியரின் கருத்தாக அவர் காதில் விழாது, பழைய பகை ஒன்றின் தொடர்ச்சியாகவே விழும். அடுத்த வாரம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அது வேறு வடிவில் வெளிவரும். கெடாவில் ஏழாண்டுகளில் நான் இதை ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. அங்கு என்னை யாருக்கும் தெரியாது. ஆகவே, நான் சொன்னதை மட்டும் கேட்டார்கள்.

இதனினும் கொடியது, சொந்த ஊர் நம் வாய்க்குப் போடும் பூட்டு. அதை விளக்க ஜெஞ்சாரோமைவிடச் சிறந்த இடம் இந்நாட்டில் இல்லை.

நெகிழிக் கழிவுகளைத் தன் நாட்டிற்குள் இனி விடுவதில்லை என்று 2017-இல் சீனா அறிவித்து, 2018 ஜனவரி முதல் அத்தடையை நடைமுறைப்படுத்தியது. அதுவரை சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்த பணக்கார நாடுகளின் குப்பை வேறு துறைமுகங்களைத் தேடியது. கிள்ளான் துறைமுகம் ஜெஞ்சாரோமுக்கு அருகில்தானே இருக்கிறது! ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் வாழும் இச்சிற்றூரைச் சுற்றி, செம்பனை மரங்களின் மறைவில், உரிமம் இல்லாத பல தொழிற்சாலைகள் முளைத்தன. மறுசுழற்சிக்கு ஆகாதவற்றை இரவில் எரித்தார்கள். நள்ளிரவில் இரப்பர் கருகுவது போன்ற நாற்றம் வீட்டுக்குள் நுழையும். எழுந்து சன்னல்களை அடைப்போம். 2018-இல் அதிகாரிகள் சோதனை நடத்தி 33 தொழிற்சாலைகளை மூடியபோது, அவர்கள் விட்டுச்சென்ற கழிவு மட்டும் 17,000 டன் என்று செய்தி வந்தது. 2019-இல் பிபிசி வரை நம் ஊரின் பெயர் சென்றது. இப்படி ஒரு புகழ்!

தொழிற்சாலைகள் வானத்திலிருந்து விழவில்லை. நிலத்தை வாடகைக்கு விட்ட உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். அங்கே வேலைக்குப் போனவர்கள் இருந்தார்கள். சரக்கு ஏற்றிய லாரிக்காரர்கள் இருந்தார்கள். எல்லாரும் எல்லாருக்கும் வேண்டியவர்கள். அதனால்தான் நாற்றம் அத்தனை மூக்குகளையும் எட்டிய பிறகும் பெரும்பாலான வாய்கள் திறக்கவில்லை. உள்ளூர்வாசிகளில் ஒரு சிறு குழுவினர் மட்டும் அஞ்சாமல் தொழிற்சாலை தொழிற்சாலையாகத் தேடிக் கண்டறிந்து, புகாருக்கு மேல் புகார் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களை வணங்குகிறேன். அந்த ஊர்ப்பற்று வேறு. நான் இங்குக் குறைகூறும் ஊர்ப்பாசம் வேறு.

எங்கள் பள்ளியில் இதைப் பற்றி முதலில் எழுத்தில் பேசியவர் யார் தெரியுமா? மூவாரிலிருந்து வந்திருந்த ஓர் இளம் ஆசிரியை. வருகைப் பதிவேடுகளைப் புரட்டி, இருமலாலும் மூச்சுத்திணறலாலும் எந்தெந்த நாளில் எந்தெந்தப் பிள்ளைகள் வரவில்லை என்று ஒரு தாளில் பட்டியலிட்டு, ஆசிரியர் கூட்டத்தில் வைத்தார். அறையே அமைதியானது. அந்தத் தாளில் நானும் கையொப்பமிட்டேன். அன்று மாலையே என் மாமா ஒருவர் வீட்டுக்கு வந்துவிட்டார். தேநீர் குடித்து முடித்த பிறகு மெல்லத் தொடங்கினார்: "ஏன்யா வாத்தியாரே, நமக்கெதுக்கு இந்த வேல? அந்த நெலத்துக்காரரு நமக்கு வேண்டப்பட்டவருல்ல. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா மொகத்துல முழிக்க வேணாமா?"

மூவார் ஆசிரியைக்கு ஜெஞ்சாரோமில் மாமா இல்லை. அதுதான் அவருடைய பலம்.

வரலாற்றிலும் இதைக் காணலாம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய மாபெரும் வேலைநிறுத்தத்தை நாம் அறிவோம். ஊதிய உயர்வு மட்டுமா கேட்டார்கள்? பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், வெள்ளைக்காரத் துரையைக் கண்டதும் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கும் இழிவு ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்களை வழிநடத்திய ஆர்.எச். நாதன் இந்த மண்ணில் பிறந்தவரல்லர். ஆங்கில அரசு அவரை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பியது. சொல்ல வேண்டியதைச் சொல்லச் சில வேளைகளில் வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருக்கிறது.

"பிற மாநிலங்களில் மட்டும் தூய காற்றா வீசுகிறது?" என்று ஒருவர் கேட்கக்கூடும். இல்லை. 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். 111 பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. சொந்த மாநிலத்தில் இருந்தால் நலமாக இருப்போம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை என்பது மட்டுமே என் வாதம். 2020 அக்டோபரில் செமினி ஆறு மாசுபட்டபோது கோல லங்காட் உட்பட மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட இணைப்புகளில் நீர் நின்றது. அன்று என் வீட்டுக் குழாயும் நான் மண்ணின் மைந்தன் என்று பார்க்கவில்லை.

நோயுற்ற பெற்றோரையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு கணவன் ஓரிடம், மனைவி ஓரிடமாகத் தவிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத்தான் மாற்றலில் முதலிடம் கிடைக்க வேண்டும். இருபத்து நான்கு வயதில், திருமணமும் ஆகாமல், உடலில் ஒரு குறையும் இல்லாமல், "அம்மா சமையல் இல்லாமல் முடியாது" என்று விண்ணப்பம் போடுகிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். அவர்கள் பிடித்துக்கொள்ளும் ஒவ்வோர் இடமும் உண்மையான தேவையுள்ள ஒருவர் இழக்கும் இடம். இதை அவர்களுடைய பெற்றோரிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா?

நாட்டிலுள்ள 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் சிலாங்கூரில் இருக்கிறது. பேராக்கில் அதைவிட அதிகம். அவற்றுள் பல, 150 மாணவர்களுக்கும் குறைந்த சிறு பள்ளிகள். சிலவற்றில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒன்றாக உட்காரவைத்துக் கூட்டு வகுப்பு நடத்துகிறார்கள். நல்ல ஆசிரியர் மிகுதியாகத் தேவைப்படும் இடம் அது. அங்குதான் ஆசிரியர்கள் பேருந்து நிலையத்தில் காத்திருப்பவர்களைப் போலப் பெட்டியைத் திறக்காமலே உட்கார்ந்திருக்கிறார்கள்.

கெடாவில் நான் பணியில் சேர்ந்த முதல் நாள், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: "சார், நீங்க எப்ப மாத்திக்கிட்டுப் போவீங்க?" கிண்டலாகக் கேட்கவில்லை. கழிப்பறைக்குப் போகலாமா என்று கேட்பதைப் போல இயல்பாகக் கேட்டாள். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் அவளுக்கு நான்கு வகுப்பாசிரியர்கள். ஒவ்வொருவரும் வந்து, எழுத்து வரிசையை முதலிலிருந்து தொடங்கி, பாதியில் போயிருக்கிறார்கள். அவளால் ஒரு பத்தியைப் பிழையின்றி வாசிக்க முடியவில்லை. அந்தக் குற்றத்தை எந்த மாநிலத்துக் கணக்கில் எழுதுவது?

போனால் நமக்குக் கிடைப்பவையும் உண்டு. இராசேந்திர சோழன் கடாரம் கொண்டதைப் பல ஆண்டுகளாகக் கற்பிக்கிற சிலாங்கூர் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பூஜாங் பள்ளத்தாக்கில் காலடி வைத்ததில்லை. என் மாணவர்களுக்கு அது மிதிவண்டித் தூரத்தில் இருந்தது. மெர்போக்கில் உள்ள புக்கிட் பத்து பகாட் சண்டியின் கருங்கல் அடித்தளத்தில் அவர்களை உட்காரவைத்தே பாடம் நடத்தினேன். அதே பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டியை ஒரு மேம்பாட்டாளர் இடித்துத் தள்ளிய செய்தி 2013-இல் வெளிவந்தபோது, இங்குள்ள நண்பர்களுக்கு அது நாளிதழில் ஒரு மூலைச் செய்தி. எனக்கு அன்று உறக்கமில்லை.

பெற்றோர்களே, உங்கள் மகனுக்கோ மகளுக்கோ சித்தியவானோ கூலிமோ கேமரன் மலையோ என்று கடிதம் வந்தால், கிளைத் தலைவரின் வீட்டுக்குப் போக வேண்டாம். அந்தச் சனிக்கிழமையே பிள்ளையை ஏற்றிக்கொண்டு அவ்வூருக்குப் போங்கள். முன்கூட்டியே தலைமையாசிரியரை அழைத்துச் சொல்லிவிடுங்கள். வாடகைக்கு எந்த வீடு காலியாக இருக்கிறது, மாதம் எவ்வளவு, எந்தக் கடையில் நல்ல சோறு கிடைக்கும் என்பதெல்லாம் பள்ளிக் காவலாளிக்கே தெரிந்திருக்கும். துணி காயப்போடும் கயிறும் ஒரு சிறு அடுப்பும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பெட்டியை நீங்களே திறந்து, துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டுத் திரும்புங்கள்.