தண்ணீர்ப் பம்பு இல்லாத குடல்

ஓசூர் சிப்காட் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு 'ஆர்.ஓ. தண்ணீர்' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. 20 லிட்டர் கேன் வாசலுக்கே வந்துவிடுகிறது. அதைச் சுத்திகரிக்கும் இடத்தில் ஒரு பம்பு உப்பு நீரை அழுத்தித் தள்ளுகிறது. நுண்ணிய சவ்வு ஒன்று உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடுகிறது. பம்பு நின்றால் வேலையும் நிற்கும்.

உங்கள் குடலும் நாள்தோறும் ஏறத்தாழ 8 அல்லது 9 லிட்டர் நீரை உடலுக்குள் ஈர்த்துக்கொள்கிறது. நாம் குடிப்பது 2 லிட்டர் அளவுதான். மீதி, உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் என்று உடலே குடலுக்குள் ஊற்றுவது. இத்தனையிலும் மலத்தோடு வீணாவது 100 முதல் 200 மில்லிலிட்டர்தான். ஆனால் குடலில் தண்ணீரை அழுத்தித் தள்ளும் பம்பு எதுவும் கிடையாது. பின் எப்படி நீர் உள்ளே போகிறது?

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். இந்தக் கேள்வி உயிரியல் ஆசிரியருக்கு மட்டும் உரியது என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

விடையைக் கண்ணால் காண ஓர் எளிய வழி உண்டு. கேக்கோ-2 என்று ஒரு வகைச் செல்கள் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படுகின்றன. இவை 1970களில் ஒரு நோயாளியின் பெருங்குடல் புற்றுக் கட்டியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டவை. பிளாஸ்டிக் தட்டில் ஊட்ட நீரூற்றி வளர்த்தால், இவை ஒன்றோடொன்று நெருக்கமாக ஒட்டி, ஒரே ஒரு செல் கனமுள்ள விரிப்பாகப் பரவுகின்றன. சுமார் மூன்று வாரத்தில் சிறுகுடற் செல்களைப் போலவே மேற்புறத்தில் நுண்விரல்கள் முளைத்துவிடும். அப்போது தட்டை உற்றுப் பார்த்தால், விரிப்பு ஆங்காங்கே தரையிலிருந்து எழும்பி, எண்ணெய்ச் சட்டியில் பூரி உப்புவது போல உப்பி நிற்கும்.

பூரியை உப்பச் செய்வது நீராவி. இதை உப்பச் செய்வது எது? செல்லின் அடிப்பக்கத்தில் சோடியம் பம்பு இருக்கிறது. மேலிருந்து செல்லுக்குள் நுழையும் சோடியம் அயனிகளை அது இடைவிடாமல் கீழே தள்ளுகிறது. கீழே உப்பு கூடுகிறது. உப்பு கூடிய பக்கத்துக்கு நீர் சவ்வூடு பரவலால் தானே வந்து சேர்கிறது. பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி விரிப்பைத் தூக்குகிறது. சோடியம் பம்பை முடக்கும் மருந்தை இட்டால் உப்பிய இடம் தளர்ந்துவிடும். ஆக, குடல் தள்ளுவது உப்பை; தண்ணீர் பின்தொடர்கிறது, அவ்வளவே. (சர்க்கரையும் சோடியமும் நுழையும் வாயிலிலேயே கொஞ்சம் நீரும் சேர்ந்து நுழைகிறது என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.)

பிளாஸ்டிக் தட்டுக்குப் பதில் துளைகளுள்ள வடிதாளின் மீது இதே செல்களை வளர்த்து, இருபுறமும் மின்முனைகளை வைத்தால் மின்தடையை அளக்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டர் விரிப்புக்குச் சில நூறு ஓம் வரும். இந்த முறைக்கு வழி காட்டியவர் டென்மார்க்கின் ஹான்ஸ் உஸ்ஸிங். 1951இல் அவர் தவளைத் தோலின் இருபுறத்தையும் மின்கம்பியால் இணைத்து, கம்பியில் ஓடிய மின்னோட்டமும் தோலைக் கடந்த சோடியத்தின் அளவும் ஒன்றே எனக் காட்டினார். அம்மீட்டரைக் கொண்டு உப்பை எண்ணிய மனிதர்! என் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளுள் இது ஒன்று.

இனி சர்க்கரைக்கு வருவோம். 1960இல் பிராகு நகரில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்கர், குடலில் குளுக்கோஸ் சோடியத்தோடு கைகோத்துத்தான் நுழைகிறது என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு இரண்டு சோடியம் அயனிகள் என்பது இன்று தெளிந்த கணக்கு. காலராக் கிருமியின் நஞ்சு செல்லின் குளோரைடு வாயிலைத் திறந்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியமும் நீரும் அதன் பின்னே போய்விடுகின்றன. ஆனால் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து நுழையும் வாயிலை அந்த நஞ்சு தொடுவதில்லை! 1971இல் வங்க அகதிகள் பனகாவ் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தபோது, டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். அவரது பராமரிப்பில் இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது.

சர்க்கரை நல்லதென்றால் நிறையச் சேர்க்கலாமே என்று கேட்பீர்கள். காகிதத்தை எடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியில், ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மூலக்கூறு எடைகளால் வகுத்து, பிரியும் அயனிகளையும் எண்ணினால், சோடியமும் குளுக்கோஸும் தலா 75 மில்லிமோல். எல்லாத் துகள்களும் சேர்ந்து 245. இரத்தத்தில் இந்த எண் சுமார் 290. கரைசல் இரத்தத்தை விட நீர்த்தது; ஆகவே நீர் உள்ளே போகும்.

இப்போது லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை கொண்ட ஒரு பழரசப் பானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 100ஐ 342ஆல் வகுத்தால் 292 மில்லிமோல். குடலில் ஒவ்வொரு மூலக்கூறும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக உடையும்போது 585 ஆகிவிடும். நீர் எந்தப் பக்கம் ஓடும்? உடலிலிருந்து குடலுக்கு! வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்கு இதைக் கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் இன்னொரு ஓட்டை போடுவதாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓசூரில் ஒரு மருந்துக் கடையில் நின்றிருந்தேன். வடமாநிலத் தொழிலாளி ஒருவர், வாடிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு "ஓ.ஆர்.எஸ்." என்றார். கடைக்காரர் அந்த மூன்றெழுத்தைப் பெயரில் கொண்ட ஓர் இனிப்புப் பானப் பெட்டியை நீட்டினார். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் புழங்கும் எல்லை ஊர் இது. எல்லோருக்கும் பொதுவாகப் புரிவது அந்த மூன்றெழுத்து ஒன்றுதான். அதுவே பொய் சொன்னால் அந்தத் தந்தை என்ன செய்வார்?

இத்தகைய பெயர்களை, 'இது உலக சுகாதார நிறுவனத்தின் கலவை அன்று' என்ற குறிப்போடு வைத்துக்கொள்ள 2022இல் அனுமதி தரப்பட்டது. பொடி எழுத்தில் ஓர் உண்மையை ஒளித்துவைப்பதை அறிவிப்பு என்று நான் ஏற்க மாட்டேன். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. நல்லதுதான், ஆனால் பெயர் மாறினாலும் பெட்டிக்குள் இருக்கும் சர்க்கரை மாறிவிடாது. ஆகவே கிராம் கணக்கைப் படிக்கப் பழகுங்கள். பள்ளியில் உருளைக்கிழங்கைக் குடைந்து சவ்வூடு பரவலைக் காட்டும் ஆசிரியர்கள், அதே மேசையில் ஓர் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் வைத்துக் கணக்குப் போடச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

தட்டில் வளர்ந்த செல்களே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. நமக்கு அடுத்திருக்கும் வேலூரின் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், டாக்டர் ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகள் 48 பேரிடம் நடத்திய சோதனையை 2000இல் வெளியிட்டனர். எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைக் கரைசலோடு சேர்த்துக் கொடுத்தபோது வயிற்றுப்போக்கு விரைவில் அடங்கியது. அந்த மாவு பெருங்குடலை அடைந்து, அங்குள்ள பாக்டீரியாக்களால் புளித்துச் சிறு கொழுப்பு அமிலங்களாகிறது. அவை அங்கே சோடியத்தை உள்ளிழுக்கத் தூண்டுகின்றன. பாக்டீரியாவே இல்லாத தூய தட்டில் இதை யார் கண்டிருக்க முடியும்?

அந்தத் தொழிலாளியைப் பற்றிச் சொல்லி நிறுத்தினேன் அல்லவா? எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசி, பெட்டியைத் திருப்பிக் கொடுக்கச் செய்து, பொடிப் பொட்டலம் வாங்க வைத்தேன். விலையும் குறைவு. குழந்தை சோர்ந்து கிடந்ததால் நேரே அரசு மருத்துவமனைக்குப் போகவும் சொன்னேன். அவர் கையில் இருந்தது அரை லிட்டர் பாட்டில். பொட்டலமோ ஒரு லிட்டருக்கானது. (200 மில்லிலிட்டருக்கான சிறு பொட்டலமும் உண்டு, பார்த்து வாங்க வேண்டும்.) முழுப் பொடியையும் அதில் கொட்டியிருந்தால் 245 என்பது 490 ஆகியிருக்கும். கடைக்காரரே உள்ளே போய் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார்.