பழசு எண்டா குப்பையோ?

"கார்ட் பழசு, அதான் கேம் ஓடேல்லை" எண்டு எங்களுக்குச் சொல்கிறார்கள். அது அரை உண்மை.

2017 இல் வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ-யில் 11 ஜிபி மெமரி இருக்கு. சாதாரண கேம்களில் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பரை அது முந்தும். ஆனால் 2024 டிசம்பரில் வெளியான 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சேர்க்கிள்' 2060 சூப்பருக்குக் கதவைத் திறக்கிறது, 1080 டிஐ-க்குச் சாத்துகிறது. குறை வேகத்தில் இல்லை. ரே ட்ரேசிங் வன்பொருள் இல்லை, அவ்வளவுதான்.

ஒளியை முன்கூட்டியே கணித்து வைக்கும் வேலை ஸ்டூடியோவுக்கு மிச்சம். செலவு மட்டும் செகண்ட் ஹேண்ட் கார்ட் வாங்கும் எங்கட தலையில்.

கிராபிக்ஸைக் குறைத்தும் ஃபிரேம் ஏறாட்டி, திணறுவது பெரும்பாலும் புரொசஸர். அதற்குப் புதுக் கார்ட் வாங்குவதும் வீண்.

ரே ட்ரேசிங்கை விருப்பத் தெரிவாய் வையுங்கோ. கட்டாயமாக்கிவிட்டு அதை முன்னேற்றம் எண்டு எங்களுக்கு விக்காதேங்கோ.