கேரவன்ல எத்தனை கட்டில்னு கேக்காதீங்க, எத்தனை கிலோன்னு கேளுங்க!

புனே, பெங்களூர், ஹைதராபாத்னு குடும்பத்தோட செட்டிலான நம்மாட்கள் மத்தியில இப்ப ஒரு ஆசை பரவிக்கிட்டு இருக்கு. வீட்டையே சக்கரத்துல ஏத்திக்கிட்டு ஊருக்குப் போறது. வெள்ளைக்காரன் மோட்டார் ஹோம்ங்கறான். நமக்குத் தெரிஞ்ச பேரு கேரவன். அந்தப் பேரைச் சொன்னாலே ஷாட் முடிஞ்சதும் நடிகர் ஏறிப் படுத்துக்கிற வண்டிதான் ஞாபகம் வரும்ங்கறது வேற விஷயம். கேரளாவும் மகாராஷ்டிராவும் 2021ல கேரவன் டூரிசத்துக்குன்னு தனிக் கொள்கை அறிவிச்சதுல இருந்து இந்த ஆசைக்குக் கொஞ்சம் மரியாதையும் வந்திருக்கு.

ஆசைப்படறதுல தப்பே இல்லை. ஆனா முதல்ல சின்னதா ஒண்ணு வாங்கி, "பத்தலை, பெருசா போயிடலாம்"னு கிளம்புறவங்க எல்லாரும் பெருசுங்கறதை அடிக்கணக்குலயே அளக்கறாங்க. 18 அடியா, 22 அடியா? எத்தனை பேர் படுக்கலாம்? டிவி எத்தனை இஞ்ச்? என் கட்சி வேற. பெருசாக்க வேண்டியது நீளத்தை இல்லை, வண்டி தாங்குற எடையை. நான் ஆணி புடுங்குற இடம் வண்டிக் கம்பெனிங்கறதால இது தொழில் புத்தியா இருக்கலாம். கணக்கைப் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க.

பிம்ப்ரி பக்கம் நமக்கு ஒரு அண்ணாச்சி இருக்காரு, திருநெல்வேலிக்காரர். வீட்டுல ஏழு பேர். அவர், அண்ணி, ரெண்டு பசங்க, அப்பா, அம்மா, மாமியார். புனேல இருந்து திருநெல்வேலி 1,400 கிலோமீட்டருக்கு மேல. பெரியவருக்கு சர்க்கரையும் உண்டு, புராஸ்டேட்டும் உண்டு. ஒன்றரை மணிக்கு ஒரு தடவை வண்டியை ஓரங்கட்டியே ஆகணும். ஹைவேல நம்ம வீட்டுப் பொம்பளைங்க பாத்ரூம் தேடி அலையற கதையை நான் தனியா சொல்ல வேண்டியதில்லை. போன தடவை ஊருக்குப் போனப்ப, பெரியவர் முந்தின நாள் மத்தியானத்துல இருந்தே தண்ணி குடிக்கறதை நிறுத்திட்டாராம். ஒரு சர்க்கரை நோயாளி! அண்ணாச்சி கேரவன் கேக்கறது ஜம்பத்துக்கு இல்லை. இப்ப இருக்கற நாலு பேர் வண்டியை வித்துட்டு, டாய்லெட்டோட ஏழு பேருக்கு ஒண்ணு கட்டணும்.

பாடி கட்டுற ஆள்கிட்ட பேசிட்டு ஒரு லிஸ்ட்டோட வந்தாரு. 300 லிட்டர் தண்ணி டேங்க், ஷவர், ரெண்டு ஏசி, ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், தேக்கு மாதிரி பாலிஷ் போட்ட பிளைவுட் வேலைப்பாடு. "தம்பி, எல்லாம் அடங்கும்னு சொல்லிட்டாங்க" அப்படின்னாரு. "இடத்துல அடங்கும் அண்ணாச்சி, எடையில அடங்குமா?"ன்னேன். ரெண்டு பேரும் பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்தோம்.

கீழ இருக்கறது உதாரணக் கணக்கு, எந்தக் கம்பெனி வண்டியோடதும் இல்லை. வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்த்துத் தாங்கக்கூடிய மொத்த எடை 4,500 கிலோன்னு வச்சுக்குவோம். ஆர்.சி.ல ஜி.வி.டபிள்யூ.ன்னு போட்டிருப்பாங்களே, அது. உள்ள ஒண்ணுமே இல்லாத வெறும் வேன், டீசலோட 2,700 கிலோ. மிச்சம் 1,800. அடேங்கப்பா, ஒண்ணே முக்கால் டன்னுக்கு மேலன்னு தோணும். தோணட்டும்.

18 மி.மீ. பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒண்ணு சுமார் 35 கிலோ. கட்டில், அலமாரி, தடுப்பு, தரைன்னு 20 ஷீட் போனா 700 கிலோ. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடற 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஒண்ணு 55 கிலோ பக்கம். ரெண்டு பேட்டரியும் இன்வெர்ட்டருமா 130. ஏசி ரெண்டுக்கு 80, ஃபிரிட்ஜ் 40, ஜெனரேட்டர் 60, டாய்லெட்டும் டேங்குகளும் குழாயுமா 100. பெல்ட் வச்ச சீட் ஏழு, தலா 25 கிலோன்னா 175. கூட்டுங்க. 1,285 கிலோ. கையில இருக்கறது 515.

இன்னும் ஆள் ஏறலை! ஏழு பேரு, தலா 65 கிலோன்னு மரியாதையாப் போட்டா 455. மிச்சம் 60 கிலோ. இப்ப 300 லிட்டர் தண்ணி நிரப்புங்க. ஒரு லிட்டர் ஒரு கிலோ. 240 கிலோ ஓவர். ஆளுக்கு 15 கிலோ துணிமணி, 345 கிலோ ஓவர். இது போகும்போது. வரும்போது நம்ம வீட்டு வண்டி எப்படி வரும்? ரெண்டு மூட்டை அரிசி, அம்பது தேங்காய், புளி, கருப்பட்டி, சித்தி குடுத்தனுப்பின வடகம். கிட்டத்தட்ட 450 கிலோ ஓவர்ல புனே வந்து சேரும். அண்ணாச்சி பேனாவை மூடி வச்சுட்டாரு.

ஓவரானா என்னங்கறீங்களா? மாட்டினா அபராதம், 2019 திருத்தத்துக்கு அப்புறம் 20,000 ரூபாய்ல ஆரம்பிச்சு, மேற்கொண்டு ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஆனா அபராதத்தை விட எனக்கு பயம் தொப்பூர்தான். தருமபுரி தாண்டி சேலம் போற வழியில அந்த இறக்கம். ஊருக்குப் போற நம்ம எல்லாருக்கும் தெரியும், அங்க லாரிகள் பிரேக் புடிக்காம கூட்டமா மோதின செய்திகளையும் படிச்சிருக்கோம். பத்து பர்சென்ட் எடை கூடினா, அந்த இறக்கத்துல பிரேக் முழுங்க வேண்டிய சூடும் பத்து பர்சென்ட் கூடும். அது லாரி டிரைவருக்குத் தெரிஞ்ச சமாச்சாரம். அவர் கியரை இறக்கிப் பிடிப்பாரு. சாஃப்ட்வேர் ஆபீஸ்ல இருந்து லீவு போட்டு வந்து ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு?

மொத்த எடை மட்டும் இல்லை, அது எங்க உட்காருதுங்கறதும் பெரிய விஷயம். பாடி கட்டுறவங்க டாய்லெட்டையும் தண்ணி டேங்கையும் வால் பக்கம் கொண்டு போய் வைக்கறாங்க, குழாய் வேலை சுலபம்னு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 4 மீட்டர் இருக்கற வண்டியில, பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி 200 கிலோ வச்சீங்கன்னா, பின் அச்சுல ஏறுறது 200 இல்லை, 275. முன் அச்சுல 75 குறையும். ஏத்தாப்பலகை ஆடின யாருக்கும் இது புரியும். பின் டயர் திணறும், முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் மிதக்கும். நீளமான பாடி வாங்கினா வால் பக்கம் நீளுது, இந்தக் கூத்தும் கூடுது. நீளத்துக்கு நான் எதிரியா இருக்கறதுக்குக் காரணம் இதுதான்.

சரி, லைசென்ஸ். இதுல தான் நமக்கு அதிர்ஷ்டம். லண்டன்ல இருக்கற நம்ம சொந்தக்காரங்களைக் கேட்டுப் பாருங்க. அங்க 1997 ஜனவரி 1க்கு அப்புறம் கார் டெஸ்ட் பாஸ் பண்ணினவங்களுக்கு சாதாரண லைசென்ஸ்ல 3,500 கிலோ தான் பொது வரம்பு. அதுக்கு முன்னாடி பாஸ் பண்ணின பெருசுகளுக்கு 7,500 வரைக்கும் உண்டு, அதுவும் 70 வயசானா மெடிக்கல் பார்த்துத்தான் தொடரும். அதனால அங்க கேரவன்காரங்க ஸ்பூன், தட்டு வரைக்கும் எடை பார்க்கறாங்க. நமக்கு எல்.எம்.வி. லைசென்ஸே 7,500 கிலோ வரைக்கும் போகும். டிரான்ஸ்போர்ட் வண்டின்னா தனி முத்திரை வேணுமா வேணாமான்னு இருந்த இழுபறியையும், சுப்ரீம் கோர்ட்டோட ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6ல தீர்த்து வச்சுடுச்சு: 7,500க்குள்ள இருந்தா எல்.எம்.வி. போதும். நம்ம ஊர்ல சில லாரிகள் 7,490 கிலோன்னு வர்றதை கவனிச்சிருக்கீங்களா? எல்லாம் இந்தக் கோட்டைத் தாண்டாம இருக்கத்தான்.

சட்டத்துல ஒரு நுணுக்கம் இருக்கு. டிரான்ஸ்போர்ட் வண்டிக்கும் ஆம்னிபஸ்ஸுக்கும் பார்க்கறது ஜி.வி.டபிள்யூ. காருக்குப் பார்க்கறது வெறும் வண்டியோட எடை. டிரைவரைத் தவிர ஆறு பேருக்கு மேல ஏத்துற மாதிரி கட்டினா அது ஆம்னிபஸ். இதைப் பிடிச்சுக்கிட்டு, "சார், ஆறு சீட்டோட நிறுத்திக்கலாம், பிரைவேட் ரெஜிஸ்ட்ரேஷன், அப்புறம் எட்டு டன் ஆனாலும் உங்க லைசென்ஸே ஓகே"ன்னு விக்கறவங்க இருக்காங்க. அந்த வழிக்கே போகாதீங்கங்கறது என் கருத்து. 2024ல தீர்ப்பான அந்த விவகாரம் அவ்வளவு தூரம் போனதே, லைசென்ஸ் சரியில்லை, பணம் தர முடியாதுன்னு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வழக்காடினதாலதான். அடிபட்டவங்களுக்குக் கம்பெனி பணம் குடுத்துட்டு, அதை ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம்னு கோர்ட்டுகள் தீர்ப்பு சொல்றது வழக்கம். அந்த ஓனர் நீங்க. ஹிஞ்சவாடில லோன் போட்டு வாங்கின ஃபிளாட் உங்களோடது. எப்படிப் பார்த்தாலும் ஜி.வி.டபிள்யூ. 7,500க்குள்ள இருக்கற வண்டியா வாங்கினா இந்த வாதத்துக்கே வேலை இல்லை.

ஆக நமக்கு லைசென்ஸ் ஒரு தடையே இல்லை. 4,500 கிலோ சேஸியில இடிச்சுப் பிடிச்சு எல்லாத்தையும் திணிக்கறதுக்கு பதில், 5,500, 6,000 கிலோ தாங்குற சேஸியை எடுத்து, அதுமேல அடக்கமான பாடி கட்டலாம். அண்ணாச்சிக்கும் இதைத்தான் சொன்னேன். "விலை கூடுமே தம்பி"ன்னாரு. கூடும்தான். தேக்குப் பாலிஷை விட்டா கொஞ்சம் மிச்சம் புடிக்கலாம்.

இல்லை, சின்ன சேஸிதான் முடியும்ங்கறவங்க பிளைவுட்டை 18ல இருந்து 12 மி.மீ. ஆக்குங்க, 230 கிலோ போச்சு. பேட்டரியை லித்தியமா மாத்தினா 80 கிலோ பக்கம் குறையும். தண்ணி 300 எதுக்கு? ஹைவேல பெட்ரோல் பங்குக்கா பஞ்சம்? 120 லிட்டர் போதும், 180 கிலோ மிச்சம். 345 ஓவர்ல இருந்த அதே வண்டியில இப்ப 145 கிலோ இடம் இருக்கு. அரிசி மூட்டை ஏறும்!

பழைய ஸ்கூல் வேனை சல்லிசா வாங்கி மாத்திக்கலாம்னு ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவைப் படிச்சுட்டு இறங்குங்க. கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட் கறாரா சொல்லியிருக்கு. கேரவனுக்குன்னே ஏ.ஐ.எஸ்.-124ன்னு தனித் தரம் இருக்கு. அந்த அங்கீகாரம் வாங்கின ஆள்கிட்ட கட்டறது தான் நல்லது. ஆர்.சி.ல ஸ்கூல் வேன், உள்ள கட்டிலும் கக்கூஸும்னா ஓசூர் செக்போஸ்ட்ல எம்.எச். நம்பரைப் பார்த்து நிறுத்துற ஆள் கிட்ட என்ன சொல்லுவீங்க?

இன்னொண்ணு, கொஞ்சம் கசப்பானது. "பெரியவங்க படுத்துக்கிட்டே வரலாம் சார்"ங்கறதுதான் இந்த வண்டிகளை விக்கற வசனம். அண்ணாச்சியும் அதுலதான் மயங்கியிருந்தாரு. 80ல போற வண்டி சடார்னு நின்னா, கட்டில்ல படுத்திருக்கறவர் அதே 80ல முன்னாடி போவாரு. ஓடுற வண்டியில எல்லாரும் பெல்ட் போட்டு உட்காரணும், நின்ன வண்டியில படுக்கணும். அதனாலதான் கட்டிலை எண்ணாதீங்க, பெல்ட் சீட்டை எண்ணுங்கன்னு தலையால அடிச்சுக்கறேன். 1,400 கிலோமீட்டரை ராத்திரியோட ராத்திரியா அடிக்காம, ஹூப்ளில ஒரு ராத்திரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு ராத்திரின்னு மூணு நாள்ல போங்க. பெரியவருக்கு டாய்லெட் பக்கத்துலயே இருக்கு, அவசரம் யாருக்கு?

கடைசியா பாடி கட்டுறவர்கிட்ட வேண்டியது ஒரு எடைக் கணக்கு. வெறும் வண்டி எத்தனை, முடிச்ச வண்டி எத்தனை, முன் அச்சுல எத்தனை, பின் அச்சுல எத்தனை. அண்ணாச்சி கேட்டதுக்கு, "இதுவரைக்கும் எந்தக் கஸ்டமரும் இதைக் கேட்டதில்லையே"ன்னாராம் அந்த ஆள். அதை நம்பறேன்! இப்ப அண்ணாச்சி அதை ஒப்பந்தத்துலயே எழுதச் சொல்லிட்டாரு. டெலிவரி அன்னிக்கு நேரா வஜன் காட்டா, அதாங்க நம்ம ஊர் எடை மேடை. முதல்ல முன் சக்கரம் மட்டும் மேடையில, அப்புறம் முழு வண்டி, அப்புறம் பின் சக்கரம் மட்டும். மூணு சீட்டு. எழுதின எடைக்கு 100 கிலோவுக்கு மேல கூடியிருந்தா கடைசித் தவணை கிடையாது.