பழைய விலையைப் பொதுவில் வையுங்கள்

ஷாம்பு பாட்டிலின் மூடியை ஆயிரம் முறை திறந்து மூடினாலும் அதன் மெல்லிய மடிப்பு முறிவதில்லை. பாலிபுரோப்பிலீனின் தனித்தன்மை அது. 1954-இல் இத்தாலிய வேதியியலர் ஜூலியோ நாட்டா, ஜெர்மனியின் கார்ல் சீக்லர் கண்ட வினையூக்கியைக் கொண்டு இதை உருவாக்கினார். 1963-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இது நீரில் மிதக்கும். சுமார் 160 டிகிரி செல்சியஸில்தான் உருகும். பெரும்பாலான அமிலங்களும் காரங்களும் இதை அரிப்பதில்லை. கடும் வெயிலும் உறைகுளிரும்தான் இதன் பலவீனம். சிமென்ட் சாக்கு, ஊசிக்குழல், முகக்கவசம், கார் பம்பர் என எங்கும் இருப்பது இதுதான்.

பொருள் உறுதியானது, விலை அப்படியல்ல. மூலப்பொருளான புரோப்பிலீன், கச்சா எண்ணெயிலிருந்தும் புரோப்பேன் வாயுவிலிருந்தும் வருகிறது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைபனியில் ஆலைகள் முடங்கியபோது அமெரிக்காவில் பாலிபுரோப்பிலீன் விலை எகிறியது.

அம்பத்தூரிலோ கோவையிலோ பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை நடத்துபவர் ஆறு மாத ஆர்டருக்கு ஒரே விலை பேசியிருப்பார். பாலிபுரோப்பிலீன் குருணை விலை ஏறியதும் கூடுதல் தொகை கேட்டால், “அன்று என்ன விலை, இன்று என்ன விலை, காட்டுங்கள்” என்பார் வாங்குபவர். நியாயமான கேள்விதான். ஆனால் பட்டறைக்காரர் எதைக் காட்டுவார்?

பிளாட்ஸ், ஐசிஐஎஸ், ஆர்கஸ் போன்ற நிறுவனங்களின் விலைத் தொகுப்புகளுக்குச் சந்தா கட்ட வேண்டும். சிறு தொழிலுக்கு அது கட்டுப்படியாகாது. சீனாவின் டாலியன் சந்தையில் 2014 முதல் பாலிபுரோப்பிலீன் முன்பேர வணிகம் நடக்கிறது. அது சீன விலை. நம் மொத்த விலைக் குறியீடு ஏற்ற இறக்கத்தைச் சொல்லும். கிலோ எத்தனை ரூபாய் என்று சொல்லாது. ஆலைகளின் விலைப்பட்டியல் கையில் இருந்தாலும் எந்த கிரேடு, எந்தக் கிடங்கு, தள்ளுபடி போகவா, ஜிஎஸ்டி சேர்த்தா என்று பார்க்காமல் இரு தேதிகளின் விலையை ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

மண்டிகளில் தக்காளி விற்ற விலையை அரசின் அக்மார்க்நெட் தளத்தில் யாரும் பார்க்கலாம். அதுபோல, பெட்ரோகெமிக்கல் உற்பத்திப் புள்ளிவிவரங்களை ஆண்டுதோறும் வெளியிடும் மத்திய அரசுத் துறை, முக்கிய கிரேடுகளின் மாதச் சராசரி விலையையும் ரூபாயில், பழைய ஆண்டுகளோடு சேர்த்து, இலவசமாக வெளியிட வேண்டும். அதுவரை, பட்டறை உரிமையாளர்களே, ஒவ்வொரு பில்லையும் விலைப்பட்டியலையும் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். எந்த விலையை அடிப்படையாகக் கொள்வது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஆதாரம் கையில் இல்லாதவர் பேரத்தில் தோற்றுத்தான் போவார்.