மாமியார் வீட்டில் அம்மா சமையல்

கல்யாணமான புதுசில் மாமியார் வீட்டு விருந்தில் உட்கார்ந்துகொண்டு, இலை நிறையப் பரிமாறியிருக்கும்போது, 'எங்கம்மா வைக்கிற வத்தக்குழம்புதான் வேணும்' என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் தலைதீபாவளிக்கு அழைப்பு வருகிறதா என்றும் பாருங்கள்.

ஆனால் நம் இளைஞர்கள் இதைத் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். பன்னிரண்டு தவணையில் ஐபோன் வாங்குகிறார்கள். டப்பாவைப் பிரித்த அரை மணிக்குள் ஜிமெயில், கூகுள் மேப்ஸ், யூடியூப், கூகுள் ஃபோட்டோஸ், ஜீபே எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கி நிரப்பிவிடுகிறார்கள். வீடு ஆப்பிளுடையது. சாப்பாடு மொத்தமும் கூகுளுடையது. கூகுளுக்கோ ஆண்ட்ராய்டு என்று சொந்தமாக வீடும் இருக்கிறது, ஆப்பிளுக்கு நேர் எதிரில்.

இந்த மாமியார் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்?

ஆரம்பத்தில் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. இரண்டும் ஒரே குடும்பம் மாதிரி இருந்தார்கள். 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை மேடையில் காட்டியபோது, கூகுளின் தலைவர் எரிக் ஷ்மிட் அதே மேடையில் ஏறிக் கை குலுக்கினார். ஆப்பிளின் இயக்குநர் குழுவிலும் அவர் இருந்தார். ஐபோனிலேயே கூகுள் மேப்பும் யூடியூபும் கூடப் பிறந்த பிள்ளைகள் மாதிரி வந்தன. 2008-ல் ஆண்ட்ராய்டு ஃபோன் கடைக்கு வந்தது. 2009 ஆகஸ்டில் ஷ்மிட் அந்தக் குழுவிலிருந்து விலகினார். பங்காளிச் சண்டை ஆரம்பம்.

சண்டை முற்றியது 2012 செப்டம்பரில். ஆப்பிள் தன் ஃபோனிலிருந்து கூகுள் மேப்பைத் தூக்கிவிட்டு, தானே தயாரித்த மேப்பை வைத்தது. வைத்த பத்தாவது நாள் ஆப்பிளின் தலைவர் டிம் குக், ஜனங்களிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டி வந்தது. 'நாங்கள் சரிசெய்யும் வரைக்கும் போட்டிக் கம்பெனிகளின் மேப்பை உபயோகித்துக்கொள்ளுங்கள்' என்று பெயர்களைப் போட்டே சொன்னார். (நம்மூர் ஓட்டல்காரர் 'இன்னிக்கு சாம்பார் சரியில்லீங்க, எதிர்த்த கடையில சாப்பிடுங்க' என்று எழுதிப் போட்டு நான் பார்த்ததில்லை.)

சிரிப்பாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் மில்டூரா என்று ஒரு ஊர். அதை அந்த மேப் அசல் இடத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, ஒரு வனப் பூங்காவின் நடுவில் குறித்து வைத்திருந்தது. நம்பிப் போனவர்கள் தண்ணீரில்லாத, வெயில் 46 டிகிரி வரை ஏறக்கூடிய காட்டில் மாட்டிக்கொண்டார்கள். சிலர் 24 மணி நேரம் வரைக்கும். 2012 டிசம்பரில் அந்த ஊர்ப் போலீஸ் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டவரைக் கல்வராயன் மலை உச்சியில் கொண்டுபோய் விட்டால் எப்படி, அப்படி.

அதே டிசம்பரில் கூகுள் தன் மேப்பை ஐபோனுக்கென்று தனியாக வெளியிட்டது. இரண்டே நாளில் ஒரு கோடிப் பேருக்கு மேல் இறக்கிக்கொண்டார்கள். எதிரி வீட்டுக்குச் சாப்பாட்டுக் கேரியர் அனுப்புவதில் கூகுளுக்கு என்ன லாபம்? அந்த வீட்டில் ஆட்கள் அதிகம், வசதியான ஆட்கள். அவ்வளவுதான் சமாசாரம்.

ஆள் குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. விண்டோஸ் ஃபோன் ஞாபகமிருக்கிறதா? நோக்கியா லூமியா, மஞ்சள், சிவப்பு என்று மிட்டாய் கலரில் வருமே! அதற்கு கூகுள் ஒழுங்கான யூடியூப் செய்து தரவில்லை. மைக்ரோசாஃப்ட் தானே ஒன்றைச் செய்து 2013 மே மாதம் விட்டது. அதில் விளம்பரம் வராது, வீடியோவை இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் பிழைக்கிறவன் வீட்டுக் காசை எடுத்தால் சும்மா இருப்பானா? கூகுள் நோட்டீஸ் அனுப்பியது. ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் திருத்திக்கொண்டு வந்தது. இரண்டொரு நாளில் கூகுள் அதையும் அடைத்தது. லூமியா வாங்கினவர்கள் தாறுமாறாக வேறு யாரோ செய்து விட்ட ஆப்களில் பாட்டுப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். அந்த விண்டோஸ் ஃபோனே பிற்பாடு போய்ச் சேர்ந்துவிட்டது. 2017-ல் பில் கேட்ஸே 'நான் ஆண்ட்ராய்டுக்கு மாறிவிட்டேன்' என்றார். (நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை 2014 நவம்பர் 1-ல் மூடினதற்குக் காரணம் வரித் தகராறும் இன்ன பிறவும். அது தனிக் கதை, சிரிப்பு வராத கதை.)

இந்த நியாயம் கல்வராயன் மலையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டவர் வேண்டும் என்றால் தலையை எண்ணுகிறார்கள். பஸ் வேண்டும் என்றாலும் தலையை எண்ணுகிறார்கள். அந்த மலை ஜாகீர்தார்கள் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு வந்ததே 1976-ல்தான். அதுவரை உழுதவன் ஒருத்தன், மலைக்குச் சொந்தக்காரன் இன்னொருத்தன். நம் கையிலிருக்கும் ஃபோனும் கிட்டத்தட்ட ஜாகீர்தான். தவணை கட்டுகிறவர் நீங்கள், சட்டம் அவர்களுடையது.

உதாரணத்துக்கு, ஐபோனில் குரோம் போட்டிருப்பீர்கள். பேர்தான் குரோம். உள்ளே ஓடுவது ஆப்பிளின் இன்ஜின். வேறு இன்ஜினுக்கு அனுமதியில்லை என்பது ஆப்பிளின் விதி. 2024-ல் ஐரோப்பிய யூனியனின் சட்டத்துக்குப் பணிந்து அங்கே தளர்த்தினார்கள். மெயில் என்றால் ஜிமெயில்தான் திறக்க வேண்டும் என்று ஐபோனுக்குச் சொல்லிவைக்கும் உரிமையே நமக்கு 2020-ல்தான் கிடைத்தது.

கூகுள் மட்டும் யோக்கியமா என்று கேட்காதீர்கள். தன் ஆண்ட்ராய்டு வீட்டில் அது செய்த அதிகாரத்துக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

இன்னொரு பக்கம் பாருங்கள். ஐபோனின் சஃபாரியில் எதையாவது தேடினால் பதில் சொல்வது கூகுள். அந்த இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள கூகுள் ஆப்பிளுக்கு 2022-ல் மட்டும் கொடுத்தது 2,000 கோடி டாலர். ரூபாயில் ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல். அமெரிக்கக் கோர்ட்டில் வெளிவந்த கணக்கு இது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்துகிறது என்று தீர்ப்புச் சொன்னார். 2025 செப்டம்பரில், 'தனக்கு மட்டும்தான் என்று ஒப்பந்தம் போடக் கூடாது, ஆனால் பணம் கொடுக்கலாம்' என்று முடித்தார். மேடையில் முறைப்பு, பின்கட்டில் மொய்!

சரி, மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைப் பக்கம் வண்டியைத் திருப்பி, வெள்ளிமலை, கரியாலூர், மேகம் அருவி என்று கிளம்புகிறவர்கள், வீட்டு வைஃபையிலேயே கூகுள் மேப்பில் அந்தப் பகுதியை 'ஆஃப்லைன்' என்று இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐபோனிலும் முடியும். ஆப்பிள் மேப்பிலும் 2023-லிருந்து இந்த வசதி உண்டு. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைச் சொல்வது மேலே சுற்றும் செயற்கைக்கோள். அதற்கு டவர் வேண்டாம். டவர் வேண்டியது படத்துக்குத்தான். படம் கையில் இருந்தால் கொண்டை ஊசி வளைவில் சிக்னல் போனாலும் நீலப் புள்ளி உங்களோடு வரும்.

ஜீபே விஷயமும் அப்படியே. புது ஐபோனில் அதைப் பதிவு செய்யும்போது உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். ஆண்ட்ராய்டில் ஆப் தானாகவே அனுப்பிவிடும். ஐபோனில் எந்த ஆப்பும் உங்களைக் கேட்காமல் எஸ்.எம்.எஸ். அனுப்ப முடியாது. நீங்களேதான் பட்டனை அமுக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் இதையெல்லாம் சிக்னல் இருக்கிற ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மலை மேல் டீக்கடையில் இரண்டு டீயைக் குடித்துவிட்டு ஃபோனை வானத்துக்குத் தூக்கிக் காட்டினால் கடைக்காரர் பாவம், என்ன செய்வார்?

2022 செப்டம்பரில் டிம் குக்கை ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: 'என் அம்மா வேறு ஃபோன் வைத்திருக்கிறார். என் ஐபோனிலிருந்து வீடியோ அனுப்பினால் சரியாகப் போக மாட்டேன் என்கிறது.' குக் சிரித்துக்கொண்டே, 'அம்மாவுக்கு ஒரு ஐபோன் வாங்கிக் கொடுங்கள்' என்றார். கூட்டமும் சிரித்தது.

அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கலாம். இல்லாமல் போய்விட்ட அப்பாவுக்கு?

கள்ளக்குறிச்சியில் அரிசி மில் ஒன்றில் கணக்கு எழுதுகிற நண்பர் ஒருவர். சொந்த ஊர் வெள்ளிமலைக்குப் பக்கம். அப்பா கடைசிவரை மலையிலேயே இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வாட்ஸ்அப்பில் மைக்கை அமுக்கிப் பேசத் தெரியும். வீட்டில் சிக்னல் இல்லை. சாயங்காலம் மேட்டுக்கு நடந்து வந்தால், அன்றைக்குப் பேசி வைத்ததெல்லாம் சேர்ந்தாற்போல் மகனின் ஃபோனில் வந்து விழும். 'தம்பி, ரெண்டு மணி பஸ்ஸு வரல.' 'தம்பி, மரவள்ளி என்னா வெலை போவுதுன்னு கேட்டு வையி.' 'தம்பி, சாப்ட்டியா?' எல்லாம் பத்து செகண்ட், பதினைந்து செகண்ட் பேச்சு. போன வருஷம் அப்பா போய்விட்டார். மூன்று வருஷத்துப் பேச்சு அந்த ஆண்ட்ராய்டு ஃபோனில் இருக்கிறது.

நண்பர் ஐபோன் வாங்கக் கடைக்குப் போனார். "பழசை எக்ஸ்சேஞ்ச் போட்டீங்கன்னா நாலாயிரம் குறையும்ணா. இப்பவே அழிச்சுட்டு எடுத்துக்கறேன்" என்றான் கடைப் பையன். நல்ல வேளை, அங்கிருந்தே எனக்கு ஃபோன் செய்தார்.

"சார், வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் டிரைவ்ல ஏறியிருக்கு. ஐபோன்லயும் கூகுள் டிரைவ் இருக்கு. அப்பா வாய்ஸெல்லாம் வந்துடுமில்ல?"

கேள்வி எவ்வளவு நியாயம் பாருங்கள். அதே கூகுள், அதே பாஸ்வேர்டு. ஜிமெயில் வருகிறது, ஃபோட்டோ வருகிறது. இது மட்டும் வராதா?

வராது. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பின் பேக்கப் கூகுள் டிரைவில் இருக்கும். ஐபோன் வாட்ஸ்அப் ஐகிளவுடிலிருந்து மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். டிரைவில் இருப்பதை இன்னொரு ஆண்ட்ராய்டில் இறக்கலாம். ஐபோனில் இறக்க வழியில்லை. 2022 வரைக்கும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக முறையான பாதையே கிடையாது. அந்த வருஷம்தான் ஒரு பாதை போட்டார்கள். அதற்குப் பழைய ஃபோன், புது ஃபோன் இரண்டும் ஒரே மேஜையில் உயிரோடு இருக்க வேண்டும்.

"பழசை அழிக்க வேண்டாம்னு சொல்லுங்க. நாலாயிரம் போனாப் போவுது" என்றேன்.

பாதை இதுதான், தேவைப்படுகிறவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். ஐபோன் புதுசாகவோ, முழுக்க ரீசெட் செய்ததாகவோ இருக்க வேண்டும். ஏற்கெனவே நாலு நாள் உபயோகித்துவிட்டு வந்தால் ஆகாது. பழைய ஆண்ட்ராய்டில் ஆப்பிளின் 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற ஆப்பை இறக்க வேண்டும். (ஆப்பிள் எதிரி வீட்டுக்கு 2015-லேயே அனுப்பிவைத்த தரகர் இவர்.) இரண்டு ஃபோனும் சார்ஜரில், ஒரே வைஃபையில். எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று கேட்கும் பட்டியலில் வாட்ஸ்அப்பையும் தொட வேண்டும். ஐபோனில் அதே நம்பரால் வாட்ஸ்அப்புக்குள் நுழைய வேண்டும். பழைய ஃபோனில் இருப்பது நாமே அழிக்கிறவரை அங்கேயே இருக்கும் என்பது ஒரு நிம்மதி.

இன்னொன்று. இங்கே வந்து சேர்ந்தபின் பேக்கப் ஐகிளவுடில்தான் ஏறும். கூகுள் இனாமாகத் தருவது 15 ஜி.பி., ஆப்பிள் தருவது 5 ஜி.பி. ஐநூறு கல்யாண ஃபோட்டோவும் நாலு வீடியோவும் அதை நிரப்பிவிடும். நிரம்பினபின் பேக்கப் நின்றுபோகும். ஆகவே முக்கியமான குரலையெல்லாம் தனியே எடுத்து, தனக்குத் தானே ஈமெயிலில் அனுப்பியோ, ஒரு பென் டிரைவில் போட்டோ வைப்பது உத்தமம். பென் டிரைவுக்கு ஆப்பிளும் தெரியாது, கூகுளும் தெரியாது.

நண்பர் அன்று ராத்திரி மில் ஆபீஸ் வைஃபையில் இரண்டு ஃபோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, டீ கூட வேண்டாமென்று உட்கார்ந்திருந்தாராம். முக்கால் மணி ஆயிற்று. பத்தரைக்கு எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. திறந்தால் அவருடைய குரல் இல்லை. பின்னாலே காற்றுச் சத்தம், எங்கேயோ ஒரு ஆடு கத்துகிறது, கொஞ்சம் மூச்சு வாங்குகிற ஒரு பெரியவர், 'தம்பி, சாப்ட்டியா?'

எக்ஸ்சேஞ்சுக்குப் பழைய ஃபோன் எப்போது வரும் என்று கடைப் பையன் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டானாம். அது மில்லில் மேஜை டிராயருக்குள், சார்ஜ் போட்டபடி இருக்கிறது.