லேபிளைப் படிக்காத படிப்பு

கடந்த பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு மின்மாற்றி எரிந்துபோனது. எரித்தவர்கள் இருவர். ஒருவன், எஸ்.பி.எம். எழுதவிருக்கும் என் அக்காள் மகன். மற்றவன் நான்.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய குடும்ப நண்பர் ஒருவர், பழைய மின்சார பொம்மை ரயில் ஒன்றை அவனுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஓர் என்ஜின், நான்கு பெட்டிகள், வட்டமாகப் பூட்டும் தண்டவாளத் துண்டுகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள்தான் மின்மாற்றி. தட்டையான இரண்டு கால் பிளக், நம் வீட்டுச் சுவரில் நுழையவில்லை. "மாமா, இதுக்கு அடாப்டர் இருக்கா?" என்றான். எல்லா நாட்டுப் பிளக்கும் நுழையும் பயண அடாப்டரை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

சுவிட்சைப் போட்டதும் பெட்டி 'உம்' என்று உறுமியது. திருகைச் சற்றே திருப்பியவுடன் என்ஜின் பாய்ந்தோடி முதல் வளைவிலேயே கவிழ்ந்தது. சிரித்துக்கொண்டே அதைத் தூக்கி நிறுத்தும்போதே கருகும் நாற்றம் வந்தது. ஓடிப்போய்ச் சுவிட்சை அடைத்தேன். பெட்டியைக் கையால் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு.

ஆறிய பிறகு திருப்பிப் பார்த்தோம். அடியில் ஒட்டியிருந்த லேபிளில் எல்லாம் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது: உள்ளீடு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரமோ ஏறக்குறைய 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அடாப்டர் பிளக்கின் காலை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது.

ஒரு தாளை எடுத்து நடந்ததைக் கணக்காகப் போடச் சொன்னேன். இரண்டே நிமிடத்தில் போட்டான். 120 வோல்ட்டை 16 வோல்ட்டாகக் குறைக்க வேண்டுமானால், முதல் சுருளில் ஏழரைச் சுற்றுக்கு இரண்டாம் சுருளில் ஒரு சுற்று. அதே மின்மாற்றிக்கு 240 வோல்ட் கொடுத்தால் 32 வோல்ட் வரும். என்ஜின் பாய்ந்ததன் காரணம் அதுதான். பெட்டி சூடானதற்குக் காரணம் வேறு. இரும்பு உள்ளகம் தாங்கும் காந்தப்புலத்திற்கு ஓர் எல்லை உண்டு. அதை மீறினால் முதல் சுருளில் மின்னோட்டம் தாறுமாறாக ஏறும், கம்பி கொதிக்கும், அதன் மேல் பூசிய காப்பு கருகும். 60 ஹெர்ட்ஸுக்குப் பதில் 50 ஹெர்ட்ஸ் கொடுத்தது அந்தச் சுமையை இன்னும் கூட்டியது.

கணக்கு சரி. அதே வகைக் கணக்கில் அவன் அண்மையில்தான் பள்ளியில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தான். ஆனால் பிளக்கைச் சொருகும்போது அந்தக் கணக்கு அவன் நினைவுக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை. என்னை உறுத்துவது எரிந்த பெட்டியல்ல, இதுதான்.

ஏன் வரவில்லை? யோசித்துப் பார்த்தேன். நம் கைப்பேசி சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும்படி செய்யப்பட்டவை. எந்த ஊருக்குப் போனாலும் அடாப்டரில் சொருகினால் வேலை செய்யும். அந்த வசதியிலேயே வளர்ந்த நாம், எல்லாப் பொருளும் அப்படித்தான் என்று நம்பிவிட்டோம். பொருள்கள் நமக்காக யோசிக்கத் தொடங்கியதும் நாம் யோசிப்பதை நிறுத்திக்கொண்டோம்.

வீட்டு மின்பெட்டிச் சுவிட்ச் காப்பாற்றும் என்று இருந்துவிடவும் முடியாது. அன்று அது விழவே இல்லை. சுவருக்குள் ஓடும் தடித்த கம்பிகளைக் காப்பது அதன் வேலை. பொம்மை மின்மாற்றியின் மெல்லிய கம்பி கருகும் அளவு மின்னோட்டம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. நாங்கள் அறையை விட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

"பிரிச்சுப் பார்த்துச் சரி பண்ணலாமா மாமா?" என்றான். கூடாது என்றேன். தண்டவாளத்தில் 12 வோல்ட்தான் ஓடுகிறது. அங்கே எத்தனை தவறு வேண்டுமானாலும் செய்து பழகலாம். பெட்டிக்குள்ளே வீட்டு மின்சாரம். அங்கே முதல் தவறே கடைசியாகிவிடலாம். இன்னொன்றும் சொன்னேன். மாறுதிசை மின்னோட்டத்தில் ஓடும் ரயில் வகைகளும் உண்டு. அவற்றில் ஒரே தண்டவாளத்தில் இரண்டு மின்மாற்றிகளை இணைத்துவிட்டு, ஒன்றின் பிளக்கைப் பிடுங்கினால், பிடுங்கிய பிளக்கின் கால்களில் வீட்டு மின்சாரத்துக்கு நிகரான வோல்ட் வந்து நிற்கும். சுற்றுகளின் விகிதம் தலைகீழாகவும் வேலை செய்யும் அல்லவா?

பிறகு நம் நாட்டு மின்சாரத்திற்கு ஏற்ற கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றை, லேபிளையும் சிரிம் முத்திரையையும் பார்த்து வாங்கினோம். ரயில் ஓடியது. ஆனால் வட்டத்தின் மறுகோடியில் தளர்ந்து நின்றது. இந்த முறை அவன் என்னைக் கேட்கவில்லை. வோல்ட்மீட்டரைத் தண்டவாளத்தில் ஆங்காங்கே வைத்துப் பார்த்தான். இணைப்புத் தகடு ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் வோல்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தளர்ந்த தகடுகளை இறுக்கினான். தண்டவாளத்தை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தான். மறுகோடிக்குத் தனியாக இரண்டு கம்பிகளை இழுத்தான். ஒரு நாள் தண்டவாளத்தின் மேல் திருப்புளியை வைத்துவிட்டு ஷார்ட் சர்க்கியூட் என்றால் என்னவென்றும் கற்றுக்கொண்டான். பெட்டி தானாகவே மின்சாரத்தைத் துண்டித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மின்தடை என்ற சொல்லுக்கு அந்த ஒரு வாரத்தில் அவனுக்குக் கிடைத்த பொருளைப் பயிற்சி நூல்கள் கொடுத்ததில்லை.

இது வெறும் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1946ஆம் ஆண்டு மாணவர்கள் ஒரு மாதிரி ரயில் மன்றம் தொடங்கினார்கள். தண்டவாளத்துக்கு அடியில் கம்பிகளோடும் சுவிட்சுகளோடும் மல்லுக்கட்டிய அந்த மன்றத்து மாணவர்கள் சிலர்தான், பின்னர் பல்கலைக்கழகக் கணினிகளில் நிரல் எழுதி, 'ஹேக்கர்' பண்பாடு உருவாகக் காரணமானார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நீங்கள் ஏறும் கே.டி.எம். மின்சார ரயிலும், தலைக்கு மேல் செல்லும் கம்பியிலிருந்து 25,000 வோல்ட்டை எடுத்து, தன் மின்மாற்றியில் குறைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. அளவு வேறு, தத்துவம் ஒன்றே.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் இதுதான்: பிள்ளைகள் பத்திரமாகத் தவறு செய்ய ஓர் இடம் கொடுங்கள். பொம்மை ரயில்தான் வேண்டும் என்பதில்லை. மின்கலம், பல்பு, சிறு மோட்டார் போதும். மின்மாற்றிப் பாடம் நடத்தும் அன்று, ஆளுக்கொரு பழைய அடாப்டரைக் கொண்டுவந்து அதன் லேபிளை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை. இன்று இரவு வீட்டில் சொருகியிருக்கும் ஒவ்வோர் அடாப்டரையும் கழற்றித் திருப்பிப் பாருங்கள். உள்ளீடு எத்தனை வோல்ட், வெளியீடு எத்தனை, எத்தனை ஆம்பியர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பத்து நிமிடம் ஆகும்.

எரிந்துபோன கறுப்புப் பெட்டியை நான் தூக்கி எறியவில்லை. பிளக்கை வெட்டிவிட்டு, லேபிள் தெரியும்படி என் மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.